சக்கரத்தில் 480 ஹெச்பி: எஸ்டிஐக்கு எந்த ஃப்யூவல் பம்ப் போடலாம்?

நீலஎஸ்டிஐ (டொராண்டோ)

வணக்கம் எல்லாருக்கும். என்னிடம் இருப்பது 2006 சுபாரு எஸ்டிஐ, 2.5 லிட்டர் இஜே257 எஞ்சின். போன குளிர்காலம் முழுக்க கராஜில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு ஃபோர்ஜ்ட் பிஸ்டன், ராடு, ஹெட் ஸ்டட் எல்லாம் மாற்றிக் கட்டியாகிவிட்டது. டர்போ காரெட் ஜிடிஎக்ஸ்3076, இஞ்செக்டர் 1050 சிசி நான்கு. பூஸ்ட் (டர்போ தள்ளுகிற கூடுதல் காற்றழுத்தம்) 1.7 பார் வரை போகலாம் என்று நினைத்திருக்கிறேன், டைனோவில் (காரின் சக்தியை அளக்கிற மெஷின்) சக்கரத்தில் 480 ஹெச்பி வந்தால் போதும். இப்போதைக்கு பெட்ரோ-கனடா 94 ஆக்டேன், அடுத்த வருடம் இ85 (எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள்).

எல்லாம் முடிந்தது, ஃப்யூவல் பம்ப்பில்தான் வந்து நிற்கிறேன். ஒரு நண்பன் வால்ப்ரோ 255 போடு, இருபது வருடமாக எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்கிறான். இன்னொருவன் நேரே 450 போட்டுவிட்டு மறந்துவிடு என்கிறான். நடுவில் ஏஇஎம் 340, டாய்ஷ்வெர்க்ஸ் டிடபிள்யூ300 என்று ஆளுக்கொரு பெயர். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை வைத்து முடிவு செய்யலாமா, இல்லை வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? அனுபவம் இருக்கிற அண்ணாமார் கொஞ்சம் சொல்லுங்கள்.

பம்ப்செட் (கோவை)

தம்பி, நான் இருபத்திரண்டு வருடம் தண்ணீர் பம்ப்செட் டெஸ்ட் பெட்டில் நின்றவன், கார் பித்து அதற்கும் முன்னால் பிடித்தது. அதனால் எங்கள் ஊர் வழியிலேயே சொல்கிறேன். போர்வெல்லுக்கு மோட்டார் வாங்க வருகிறவரிடம் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி என்ன? எத்தனை அடி ஆழம். அப்புறம், உங்கள் ஊரில் வோல்டேஜ் எப்படி வரும். இந்த இரண்டும் தெரியாமல் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமே கிடையாது. அதே மோட்டார் 100 அடியில் கொட்டும், 300 அடியில் சொட்டும்.

உங்கள் காரில் ஆழம் என்றால் ஃப்யூவல் ரெயில் அழுத்தம், அதாவது இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கிற குழாயின் அழுத்தம். பெட்டியில் மணிக்கு 255 லிட்டர் என்று போட்டிருப்பது ஏறக்குறைய 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், 13.5 வோல்ட்டில் அளந்தது. உங்கள் கார் அங்கே நிற்காது. ரெகுலேட்டரின் அடிப்படை அழுத்தம் 3 பார், அது இன்டேக் மேனிஃபோல்டைப் பார்த்துக்கொண்டு பூஸ்ட் ஏற ஏற ஒன்றுக்கு ஒன்று தானும் ஏற்றும், ஏனென்றால் இஞ்செக்டரின் வாயில் எதிர்த்து நிற்கிற காற்றைத் தாண்டித்தான் பெட்ரோல் உள்ளே போக வேண்டும். அப்போது 1.7 பார் பூஸ்டில் பம்ப் தள்ள வேண்டியது 4.7 பார், அதாவது 68 பி.எஸ்.ஐ. எஞ்சினுக்குத் தீனி அதிகம் வேண்டிய அந்த நேரத்தில்தான் பம்ப்புக்கு ஆழமும் அதிகம். டர்போ காரில் பம்ப் தேர்வில் சிக்கலே இதுதான்.

இனி எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். சக்கரத்தில் 480 என்றால் நான்கு சக்கர இழுவையில் போகிற 20 சதவீதத்தைச் சேர்த்து கிராங்கில் (எஞ்சினின் அச்சில்) 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ எஞ்சின் பெட்ரோலில் ஒரு ஹெச்பிக்கு மணிக்கு 0.60 பவுண்டு குடிக்கும். 360 பவுண்டு, அதாவது 163 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 0.74 கிலோ, ஆக மணிக்கு 221 லிட்டர். பம்ப் பழசாகும், பெட்ரோல் சூடாகும், ஃபில்டர் அடைக்கும், அதற்கெல்லாம் 20 சதவீதம் கையில் வையுங்கள்: 265 லிட்டர். இந்த 265-ஐ 4.7 பாரில், உங்கள் பம்ப்பின் முனையில் உண்மையில் வந்து சேருகிற வோல்ட்டில் தர வேண்டும். இ85 என்றால் அளவில் சுமார் 40 சதவீதம் கூடுதல், 309. மிச்சத்தோடு 371.

இப்போது ஒவ்வொரு பம்ப்பின் வரைபடத்தையும் எடுத்து 68 பி.எஸ்.ஐ. கோட்டில் விரலை வைத்துப் பாருங்கள். 255 அந்த இடத்தில் 265-க்கு வரவே வராது. 340 வகை பெட்ரோலுக்குத் தொட்டுக்கொண்டு நிற்கும், கையில் மிச்சம் இருக்காது. இ85 உறுதி என்றால் 450-க்குக் கீழே பேச்சே வேண்டாம்.

பழையசுபி (மெல்பர்ன்)

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் 2004 டபிள்யூஆர்எக்ஸில் 255 போட்டு ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன், டிராக் நாள் மட்டும் முப்பதுக்கு மேல் போயிருக்கும், ஒரு தடவைகூட லீன் (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போவது) ஆனதில்லை. கொஞ்சம் இரைச்சல் போடும், அவ்வளவுதான். தேவைக்கு மேல் பெரிய பம்ப் போட்டு ரெகுலேட்டர், வயரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இந்தப் பையனையும் அந்த வழியில் இழுக்காதீர்கள்.

பம்ப்செட்

ஐயா, உங்கள் காரில் சக்கரத்தில் எவ்வளவு, பூஸ்ட் எவ்வளவு?

பழையசுபி

310. பூஸ்ட் 1.2 பார்.

பம்ப்செட்

அப்படியானால் நீங்கள் போட்டது சரியான பம்ப், அதை மாற்றவே வேண்டாம். 310-ஐ 0.8-ஆல் வகுத்தால் கிராங்கில் 388, மணிக்கு 143 லிட்டர், மிச்சத்தோடு 171. அழுத்தம் 4.2 பார். 255 அங்கே சுகமாக வேலை செய்யும். நீங்கள் சொன்னதில் ஒன்றை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்: பெரிய பம்ப்புக்குப் பின்னால் செலவு வரிசையாக வரும், அதைத் தம்பியிடம் மறைக்கக் கூடாது. ஆனால் அவர் கேட்பது உங்கள் காருக்கு இல்லை.

ரிலே (சென்னை)

எல்லாரும் பம்ப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், வயரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு எஞ்சின் போனது வயரால். முழுக்க எழுதுகிறேன், இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது.

நான் அப்போது வெளிநாட்டில் வேலை, கார் 2005 எஸ்டிஐ, சக்கரத்தில் 400-க்குப் பக்கம். நல்ல பம்ப்தான், அசல்தான், 300 லிட்டருக்கு மேல் தரக்கூடியது. ஒரு கடையில் போட்டுக் கொடுத்தார்கள், கம்பெனி வயரிலேயே மாட்டிவிட்டார்கள். தெருவில் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. ஹைவேயில் நாலாவது கியரில் 5800 ஆர்பிஎம் தாண்டினால் மட்டும் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) 11.2-இலிருந்து மெல்ல 12.4-க்கு நகரும். டியூன் பண்ணியவர் அந்த இடத்தில் மேப்பில் (எஞ்சின் கம்ப்யூட்டரின் எரிபொருள் அட்டவணை) கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டிவிட்டார், எண் சரியாகிவிட்டது. நானும் நம்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு வெயில் நாளில், டேங்கில் கால்வாசி பெட்ரோல் இருக்கும்போது, அதே நாலாவது கியரில் ஒரு டிக் சத்தம், பின்னால் வெள்ளையும் நீலமும் கலந்த புகை. பிரித்துப் பார்த்தால் நாலாம் சிலிண்டர் பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவில் இருக்கிற அந்த மெல்லிய கரை விரல் நகம் அளவுக்கு உடைந்து வந்திருந்தது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் பின்சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, பம்ப் ஹேங்கர் (பம்ப்பை டேங்குக்குள் தாங்குகிற சட்டம்) மேல் இருக்கிற கனெக்டரைப் பார்த்தேன். ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தது. புதிய எஞ்சின் போட்ட பிறகு அதே வயரில் மல்டிமீட்டர் வைத்து, பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிட்டு அளந்தேன். பேட்டரியில் 13.8, பம்ப் முனையில் 11.4. கிட்டத்தட்ட இரண்டரை வோல்ட் அந்த மெல்லிய வயரிலும் கனெக்டரிலும் சூடாகக் கரைந்துகொண்டிருந்தது. பம்ப் நல்ல பம்ப், அதற்குச் சோறு போடவில்லை.

இன்னொன்று, இந்தத் தலைமுறை சுபாருவில் பம்ப்புக்கு ஒரு கன்ட்ரோலர் உண்டு, அது பம்ப்பை 33, 66, 100 சதவீதம் என்று மூன்று படியில் ஓட்டும். கம்பெனி பம்ப் இழுக்கிற கரண்டுக்குச் செய்த பெட்டி அது. 450 போன்ற பம்ப் அழுத்தத்தில் 15 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும், அந்தப் பெட்டியை நம்பி அதை மாட்டக் கூடாது. பேட்டரியிலிருந்து நேரே 10 கேஜ் வயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், பின்னால் ஒரு 40 ஆம்பியர் ரிலே, பழைய வயரை ரிலேவைத் தூண்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எர்த்தையும் அதே தடிமனில் பாடியில் பெயின்ட் சுரண்டி நேரே போல்ட் போடுங்கள், எர்த்தில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

பம்ப்செட்

ரிலே தம்பி எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. மேப்பில் பெட்ரோலைக் கூட்டி எண்ணைச் சரி செய்தார்களே, அங்கேதான் தப்பு நடந்திருக்கிறது. அழுத்தம் விழுகிறது என்று கார் சொன்னது, அதன் வாயைப் பொத்திவிட்டார்கள். கிராமத்தில் லோ வோல்டேஜில் மோட்டார் உறுமிக்கொண்டு ஓடும், வாய்க்காலில் தண்ணீர் வராது, அப்போது பைப்பைப் பெரிதாக்கி என்ன பயன்.

10 கேஜ் என்றால் நம் ஊர்க் கணக்கில் ஐந்தே கால் ஸ்கொயர், 6 ஸ்கொயர் வயர் வாங்கினால் போதும். ஒரு மீட்டருக்கு மூன்று மில்லிஓம் சொச்சம். ஐந்து மீட்டரில் 15 ஆம்பியர் ஓடினால் கால் வோல்ட்தான் போகும். 18 கேஜ் வயரில் அதே தூரம் அதே கரண்ட் போனால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும்.

நீலஎஸ்டிஐ

நன்றி அண்ணாமாரே. ரிலே அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு கராஜுக்குப் போய் என் கனெக்டரைப் பார்த்தேன், உருகவில்லை, ஆனால் ஒரு பின் நிறம் மாறித்தான் இருக்கிறது. கம்பெனி பம்ப்புக்கே இப்படி.

பம்ப்செட் அண்ணா சொன்ன கணக்கை இஞ்செக்டருக்கும் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 1050 சிசி நான்கு என்றால் முழுக்கத் திறந்து வைத்தாலே மணிக்கு 252 லிட்டர். பெட்ரோலுக்கு 221 வேண்டும், 88 சதவீத டியூட்டி (இஞ்செக்டர் திறந்திருக்கிற நேரத்தின் பங்கு). இ85-க்கு 309, அது நடக்கவே நடக்காது. ஆக இ85 போகும்போது இஞ்செக்டரும் மாற்ற வேண்டும், 1700 வகை. அது 408 லிட்டர் வரை வரும், 76 சதவீதத்தில் நிற்கும். இதை இப்போதே தெரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று, பம்ப்பை மட்டும் பெரிதாக்கிவிட்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

இன்னொரு சந்தேகம். ஒரு 450-க்குப் பதில் இரண்டு சின்ன பம்ப் போடலாமா? ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் அல்லவா?

பின்சீட் (சிங்கப்பூர்)

இரண்டு பம்ப் நான் வைத்திருந்தேன், கழற்றிவிட்டேன். இரண்டாவதை பிரஷர் சுவிட்ச் வைத்து பூஸ்ட் 0.7 பார் தாண்டினால் ஓடும்படி செய்திருந்தேன். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று நானும் நினைத்தேன். நடப்பது வேறு. இரண்டாவது பம்ப் செத்துவிட்டால் தெருவில் ஓட்டும்போது உங்களுக்குத் தெரியாது, முதல் பம்ப்பே போதுமாக இருக்கும். தெரிய வருவது முழு பூஸ்டில், எஞ்சினுக்கு இரண்டும் தேவைப்படுகிற அந்த ஒரு நொடியில். ஒரே பம்ப் என்றால் போகும்போது கார் நின்றுவிடும், எஞ்சின் பிழைக்கும். 600, 700-ஐத் தாண்டி ஒரு பம்ப்பால் முடியாது என்கிற இடத்தில் இரண்டு போட்டுத்தான் ஆக வேண்டும், அங்கே ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனி ஃபியூஸ், அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சென்சார் எல்லாம் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். உங்களுக்கு ஒன்றே போதும்.

சுபாருவில் இன்னொரு விஷயம் இருக்கிறது, யாரும் இன்னும் சொல்லவில்லை. டேங்க் குதிரைச் சேணம் மாதிரி நடுவில் மேடாக இருக்கும், டிரைவ் ஷாஃப்ட் போக வேண்டுமே. பம்ப் இருப்பது ஒரு பக்கம். மறுபக்கத்துப் பெட்ரோலை இழுத்து இந்தப் பக்கம் கொண்டுவருவது ஒரு ஜெட் பம்ப், அதற்கு மோட்டார் கிடையாது, எஞ்சினிலிருந்து திரும்பி வருகிற பெட்ரோலின் வேகத்திலேயே வேலை செய்யும். ரிட்டர்ன் லைன் குறுகலாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டுப் பெரிய குழாய் போட்டால் மறுபக்கத்தில் பெட்ரோல் தேங்கியபடியே இருக்கும், மீட்டரில் பாதி டேங்க் காட்டும்போது பம்ப் காற்றை உறிஞ்சும். அதனால் ஜெட்டில் கை வைக்காதீர்கள்.

அதே ஜெட் 450-க்கு ஒரு தொல்லையும் கொடுக்கும். ஐட்லில் எஞ்சின் குடிப்பது கொஞ்சம், மிச்சமெல்லாம் திரும்பி வர வேண்டும், அந்தக் குறுகிய வழியில் அவ்வளவும் வராது. ரெகுலேட்டர் முழுக்கத் திறந்தும் அழுத்தம் 3 பாரைத் தாண்டி ஏறி நிற்கும். அதோடு பெட்ரோல் சுற்றிச் சுற்றி வந்து டேங்கே சூடாகும், சூடான பெட்ரோலில் பம்ப்பின் வாயிலேயே ஆவி கிளம்பும். வழி ஒன்று, நல்ல ரெகுலேட்டர். வழி இரண்டு, பம்ப்பின் வேகத்தை ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) வழியாக சாலிட் ஸ்டேட் ரிலே வைத்துக் குறைப்பது, ஐட்லில் மெதுவாக, பூஸ்டில் முழுசாக. நான் இரண்டையும் செய்தேன், இரண்டாவதுதான் நிம்மதி கொடுத்தது.

ஆக்டேவியா (பெங்களூரு)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஆக்டேவியா ஆர்எஸ் 230 இருக்கிறது. ஸ்டேஜ் 2 தாண்டி பெரிய டர்போ போடலாம் என்று யோசிக்கிறேன். இந்தக் கணக்கு எனக்கும் பொருந்துமா?

பம்ப்செட்

பாதி பொருந்தும். உங்களுடையது டைரக்ட் இஞ்செக்ஷன், இரண்டு பம்ப் வரிசையாக நிற்கும். டேங்கில் இருப்பது சில பார் அழுத்தத்தில் முன்னால் தள்ளிக் கொடுக்கும், எஞ்சின் தலையில் கேம்ஷாஃப்ட் தள்ளுகிற பம்ப் அதை 200 பார் வரை ஏற்றி ரெயிலுக்கு அனுப்பும். ரெயில் அழுத்தம் மேலே விழுந்தால் எந்தப் பம்ப் தோற்றது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் லாக் பண்ணுங்கள். கீழ் அழுத்தம் நிலையாக இருந்து மேல் அழுத்தம் மட்டும் விழுந்தால் கேம் பம்ப், கீழேயே விழுந்தால் டேங்க் பம்ப். டேங்க் பம்ப்புக்குத் தனி கன்ட்ரோலர் இருக்கிறது, அங்கே ரிலே போட்டுச் சுற்றிவிடுகிற வேலையெல்லாம் வேண்டாம். தனி இழை போடுங்கள், வருகிறேன்.

ரிலே

இ85-ஐப் பற்றி ஒரு வார்த்தை. பம்ப்பில் எத்தனாலுக்கு ஏற்றது என்று இருக்கிறதா பாருங்கள். ஏஇஎம்மில் 320 பெட்ரோலுக்கு, 340 இ85-க்கு என்று தனித்தனியாகவே வரும். வால்ப்ரோ 450 இ85-க்கு என்றே செய்தது. அதிலும் பார்ட் நம்பர் 267 என்று முடிகிறது ஒன்று, 274 என்று முடிகிறது ஒன்று. உள்ளே இருக்கிற ரிலீஃப் வால்வு 267-இல் முன்னதாகவே திறந்துகொள்ளும், 274-இல் இன்னும் அதிக அழுத்தம் வரை தாங்கும். 4.7 பாருக்கு 267 போதும். பூஸ்ட் 2.5, 3 பார் என்று போகிறவர்கள் 274-ஐப் பார்க்க வேண்டும்.

போலிகள் நிறைய சுற்றுகின்றன, முக்கியமாக 255-இல். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் வாங்காதீர்கள். அங்கீகரித்த டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். அப்புறம் இ85 என்று பம்ப்பில் எழுதியிருந்தால் எப்போதும் 85 சதவீதம் எத்தனால் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், அமெரிக்கத் தரப்படி 51-இலிருந்து 83 வரை எதுவும் இருக்கலாம், குளிர்காலத்தில் குறைப்பார்கள். எத்தனால் சென்சார் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். டிரம்மில் வாங்கினாலும் ஒவ்வொரு டிரம்மையும் சோதித்துப் பார்த்து ஊற்றுங்கள்.

நீலஎஸ்டிஐ

முடிவு செய்துவிட்டேன். வால்ப்ரோ 450, 267 எண். 10 கேஜ் வயர், ஈசியு வழியாக வேகக் கட்டுப்பாடு, அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய ரெகுலேட்டர், ரெயிலில் ஒரு பிரஷர் சென்சார். இஞ்செக்டர் இந்த வருடம் 1050 அப்படியே. போட்டுவிட்டு எழுதுகிறேன்.

நீலஎஸ்டிஐ (மூன்று வாரம் கழித்து)

போட்டாயிற்று, ஆனால் நேராகப் போகவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பேட்டரியைக் கழற்றி, ரெயில் அழுத்தத்தை இறக்கி, கராஜ் கதவை முழுக்கத் திறந்து வைத்து, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டுதான் டேங்கைத் திறந்தேன். பம்ப்பைப் பழைய ஹேங்கரில் உட்கார வைத்தேன். மேல் குழாயையும் பம்ப்பையும் இணைக்க நாலு அங்குல ஹோஸ் ஒன்று வேண்டும், கையில் ஃப்யூவல் இஞ்செக்ஷன் ஹோஸ் இருந்தது, அதை வெட்டிப் போட்டேன், சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப். முதல் நாள் அழுத்தம் சரியாக 3 பார். நாலாவது நாள் ஸ்டார்ட் செய்தால் 1.9. பம்ப் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது, அழுத்தம் இல்லை. வோல்ட் பார்த்தேன், 13.4. ரெகுலேட்டரைத் திருப்பிப் பார்த்தேன், ஏறவில்லை.

திரும்பவும் ஹேங்கரை வெளியே எடுத்தேன். ஹோஸ் வெளிப்பக்கம் தொட்டாலே பிசுபிசுவென்று கையில் கருப்பாக ஒட்டியது, கிளாம்ப் இருந்த இடத்தில் ரப்பர் இளகி, ஹோஸ் பம்ப்பின் முனையிலிருந்து பாதி கழன்று நின்றது. பம்ப் தள்ளியதில் பாதி திரும்ப டேங்குக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. முழு பூஸ்டில் அது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது.

ரிலே

தம்பி, நல்லவேளை பூஸ்ட் ஏற்றுவதற்கு முன்னால் கழன்றது. சாதாரண இஞ்செக்ஷன் ஹோஸ் உள்ளே போகிற பெட்ரோலுக்குத் தாங்கும், வெளிப்பக்கம் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்குச் செய்தது இல்லை. டேங்குக்குள் போடுவதற்கென்றே தனி ஹோஸ் இருக்கிறது, அதன் மேல் 30ஆர்10 என்று அச்சடித்திருக்கும். விலை அதிகம், ஒரு அடிதான் தேவை, வாங்கிவிடுங்கள். கிளாம்ப்பும் ஸ்க்ரூ பற்கள் ஹோஸை வெட்டாத, சுற்றிலும் சமமாக இறுக்குகிற வகை. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பழையசுபி

டேங்குக்குள் ஓடுகிற வயரும் பெட்ரோல் தாங்குவதாக இருக்க வேண்டும். ஹேங்கர் மூடியைத் தாண்டுகிற அந்த இரண்டு முனையும் 450 இழுக்கிற கரண்டைத் தாங்குமா என்று பாருங்கள். வெளியே 10 கேஜ் போட்டுவிட்டு உள்ளே கம்பெனியின் மெல்லிய முனையை அப்படியே விட்டால் ரிலே சொன்ன அதே கனெக்டர் கதைதான். தனி பல்க்ஹெட் முனை கிடைக்கிறது, மூடியில் துளை போட்டு மாட்டலாம். துளை போடும்போது மூடி டேங்கில் இருக்கக் கூடாது, எடுத்துக் கழுவிக் காயவைத்துவிட்டு வேறு இடத்தில் வைத்துத் துளையிடுங்கள்.

நீலஎஸ்டிஐ (பத்து நாள் கழித்து)

30ஆர்10 ஹோஸ், புது கிளாம்ப், மூடியில் பல்க்ஹெட் முனை, எல்லாம் மாற்றியாகிவிட்டது. பழையசுபி அண்ணாவுக்குத் தனி நன்றி, கம்பெனி முனை உள்பக்கம் ஏற்கெனவே கருத்துத்தான் இருந்தது.

முதலில் வேகக் கட்டுப்பாடு இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்தேன், பின்சீட் அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. ரெகுலேட்டரை எவ்வளவு தளர்த்தினாலும் ஐட்லில் 3.6 பாருக்குக் கீழே இறங்கவில்லை. பம்ப்பை ஐட்லில் 45 சதவீதத்துக்கு இறக்கினேன், அழுத்தம் 3-க்கு வந்து நின்றது, இரைச்சலும் போய்விட்டது. அரை மணி நேரம் ட்ராஃபிக்கில் ஊர்ந்த பிறகும் நகரவில்லை. டேங்கில் கால்வாசி வைத்துக்கொண்டு வளைவுகளில் ஓட்டிப் பார்த்தேன், ஜெட் வேலை செய்கிறது, மறுபக்கம் காலியாகிறது.

நேற்று டைனோ. பம்ப்செட் அண்ணா தனிச் செய்தியில் சொன்னபடி ரெயில் அழுத்தத்திலிருந்து மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கழித்து அந்த வித்தியாசத்தை மட்டும் திரையில் தனிக் கோடாக வைத்தோம். அந்தக் கோடு எப்போதும் 3-இல் நிற்க வேண்டும், பூஸ்ட் எவ்வளவு ஏறினாலும். 1.2 பாரில் 3.0. 1.5 பாரில் 3.0. 1.7-இல் 6800 ஆர்பிஎம் வரை 2.97. பம்ப் முனையில் வோல்ட் 13.3. சக்கரத்தில் 471 வந்தது, இஞ்செக்டர் டியூட்டி 87.

பம்ப்செட்

471-க்கு 87 சதவீதம், காகிதத்தில் போட்டதும் காரில் வந்ததும் ஒட்டி நிற்கிறது, மகிழ்ச்சி. அந்த வித்தியாசக் கோடு 2.7-க்குக் கீழே போனால் ஈசியு தானாக பூஸ்டை வெட்டும்படி வைத்துவிடுங்கள். நிலை நல்ல பெட்ரோலில், நல்ல நாளில் இப்படி இருக்கிறது. ஃபில்டர் அடைத்த ஒரு நாளில் நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டமாட்டீர்கள்.

நீலஎஸ்டிஐ

வைத்துவிட்டேன் அண்ணா. சோதித்தும் பார்த்தேன். டைனோவிலேயே பம்ப் டியூட்டியை வேண்டுமென்றே குறைத்து முழு பூஸ்டில் ஒரு ஓட்டம் எடுத்தோம், 2.7 தொட்டதும் பூஸ்ட் வெட்டி இறங்கிவிட்டது. ஃபில்டர், பம்ப்புக்குப் பின்னால் 10 மைக்ரான், காகிதம் இல்லாத வகை, இ85-க்கும் ஆகும். வயரிங் படம் கேட்டவர்களுக்கு இன்று இரவு போடுகிறேன், எர்த் போல்ட் போட்ட இடத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறேன்.